மூன்று தென்னை தூரம்

போன மாதம் தர்ஷினி எனக்குப் போன் எடுத்தாள். நான் ஓய்வுபெற்றபோது என் மேசையைப் பொறுப்பெடுத்தவள் அவள்தான். துவக்குகளையும் தோட்டாக்களையும் சோதித்து அறிக்கை எழுதும் அரசாங்கப் பிரிவு ஒன்றில் நான் முடி நரைக்கும் வரை வேலை செய்தேன். அவளுக்கு இன்னும் முடி நரைக்கவில்லை.

"அக்கா, சுட்டுப் பாக்கிறதுக்குப் புது ரேஞ்ச் கட்டுறாங்க. எல்லாம் கட்டடத்துக்கு உள்ளுக்கயே. ஃபுல் ஏசி. துவக்கை மெஷினே பிடிக்கும், மெஷினே சுடும். நாங்க கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து கொம்பியூட்டர்ல பாத்தாச் சரி."

"நல்லது. தோள்மூட்டாவது தப்பும்."

"ஒண்டுதான் கேக்கணும். பழைய ரேஞ்ச்ல கடல் பக்கமா ஒரு தகரக் கொட்டில் இருக்கே, அதை இடிக்கப் போறாங்களாம். ஆனா எங்கட விதிப்படி எந்தப் புதுத் தோட்டா வந்தாலும் பாதியை ஏசி அறையில வைக்கணும், பாதியை ஒரு மழைக்காலம் போகும்வரைக்கும் அந்தக் கொட்டில்ல வைக்கணும். பிறகுதான் சுடணும். ஏன் எண்டு இங்க ஒருத்தருக்கும் தெரியேல்ல."

"இடிக்கிறதெண்டா இடிக்கட்டும். புது ரேஞ்சுக்குப் பக்கத்துல அதே மாதிரி இன்னொண்டு கட்டாம இடிக்க விடாதே," என்றேன்.

காரணம் கேட்டாள். போனில் சொல்லி முடிக்கிற காரியமா அது? எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வெள்ளவத்தை ஃபிளாட்டின் நாலாம் மாடியில் இருந்துகொண்டு ஒரு பக்கம் காலி வீதி பஸ்களின் ஹோர்னையும் மறுபக்கம் ரயில் சத்தத்தையும் கேட்பதைத் தவிர எனக்கு இப்போது பெரிய வேலை எதுவும் இல்லை. "எழுதுறதெண்டா உள்ளதை மட்டும் எழுது, நீ கதைக்கிற மாதிரி எழுதாதே" என்று என் கணவர் புத்தி சொன்னார். அவருக்கும் வேலை இல்லை.

நான் கொட்டாஞ்சேனைப் பிள்ளை. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். இரசாயனம் படித்துவிட்டு அரசாங்க வேலைக்கு விண்ணப்பித்தபோது, குடிதண்ணீர் சோதிக்கிற இடம் கிடைக்கும் என்று எல்லோரும் நினைத்தோம். கிடைத்ததோ துவக்கு. "பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் ஒரு வேலையா? நாளைக்கு எவன் வந்து பொண்ணு கேப்பான்?" என்று அம்மா மூக்கைச் சிந்தினார். அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பென்சன் உண்டா?" உண்டு என்றேன். "அப்ப போ." முதல் வருடம் என் வலது தோள் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க முடியாமல் இடக்கையால் தொங்கிக்கொண்டு போனேன். அதற்குப் பிறகு தோளும் பழகிவிட்டது, பொண்ணு கேட்டும் ஒருத்தர் வந்தார். அவர்தான் மேலே புத்தி சொன்னவர்.

எங்கள் மேலதிகாரி சிவகுருநாதன் சேர். யாழ்ப்பாணத்தவர், கிருலப்பனையில் வீடு. கொளுத்துகிற வெயிலிலும் ரேஞ்சுக்கு டை கட்டிக்கொண்டுதான் வருவார். சத்தம் போட்டுப் பேசி ஒருவரும் கேட்டதில்லை. சுட்டு முடிந்த ஒவ்வொரு தோட்டாக் கூட்டையும் எடுத்து மூக்கருகே வைத்து, மீன் வாங்குகிறவர் செவுளை மணந்து பார்ப்பதுபோல மணந்து பார்ப்பார். மணந்து என்ன கண்டுபிடித்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அவரிடம் போய், "தோட்டா பலம் குறைவா இருக்கு சேர்" என்று சொல்லிவிட முடியாது.

"அது நீர் நினைச்சது. கண்டது என்ன?"

"பலகை உடையல சேர்."

"பலகை உடையேல்ல. வேற?"

"துணியில ஓட்டை இருந்துச்சு. பலகையில புள்ளி புள்ளியா அடையாளம் மட்டும்தான்."

"இப்ப சரி. இனி நினைச்சதைச் சொல்லும்."

இப்படி ஒவ்வொரு தடவையும். ஆரம்பத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கண்டதும் நினைத்ததும் ஒன்றுதானே, இந்த மனிதருக்கு ஏன் இந்த வீம்பு என்று பல்லைக் கடிப்பேன். 'கிட்டத்தட்ட' என்று ஒரு சொல் எழுதியதற்காக முழு அறிக்கையையும் திருப்பி அனுப்பினார். அவர் வாயிலிருந்து வரக்கூடிய உச்சப் பாராட்டு "பிழையில்லை" என்பதுதான். அது வருடத்தில் ஒருமுறை வந்தால் அன்றைக்கு நான் பஸ்ஸில் வராமல் ஓட்டோ பிடித்து வீட்டுக்கு வருவேன்.

வேலை முறையும் அவர் வகுத்ததுதான். தோட்டாக்கள் வந்ததும் ஏசி அறையில், ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட பெட்டியில் வைக்கவேண்டும். எல்லாம் ஒரே நிலைக்கு வந்தபிறகு நிறுத்து, படம் எடுத்து, ஒன்றை வெட்டித் திறந்து உள்ளே இருப்பதைப் பார்க்கவேண்டும். பிறகு ரேஞ்ச். நம்பிக்கையில்லாத தோட்டாவைத் தோளில் வைத்துச் சுடமாட்டோம். துவக்கை இரும்பு மேசையில் பூட்டி, விசையில் கயிறு கட்டி, சுவருக்குப் பின்னால் நின்று இழுப்போம். எதிரே வெள்ளைத் துணி, அதற்குப் பின்னால் பலகை, மனித தசைக்குப் பதிலாக ஜெலட்டின் கட்டி. ஜெலட்டினை அலுவலகப் பின்கட்டில் பெரிய அண்டாவில் நான்தான் காய்ச்சுவேன். ஒருமுறை கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர், இன்றைக்கு யாருடைய பிறந்தநாள் என்று கேட்டுக்கொண்டு கரண்டியோடு வந்துவிட்டார்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. சோதனைக்கு என்று எடுத்த தோட்டா மிஞ்சினால் அதைத் திருப்பிக் களஞ்சியத்தில் வைக்கக்கூடாது. ரேஞ்சிலேயே பூட்டி வைத்து, வசதியான ஒரு நாளில் சுட்டே முடிக்கவேண்டும். இந்த மிச்சம் முடிக்கிற வேலை ஒருவருக்கும் பிடிக்காது. சட்டி கழுவுகிற வேலைதான் அது, சத்தம் மட்டும் கொஞ்சம் அதிகம்.

இனி வேடிக்கைத் தோட்டாக்களின் கதைக்கு வருகிறேன். குரங்கும் மயிலும் பன்றியும் தோட்டங்களைத் துவம்சம் செய்கின்றன என்று நாடு முழுக்கக் கூக்குரல் எழுந்த காலம் அது. கொல்லாமல் விரட்ட ஏதாவது வேண்டும் என்று கேட்டார்கள். இறக்குமதி செய்கிற முதலாளி ஒருவர், வெளிநாட்டில் விளையாட்டுக்கு விற்கிற விதவிதமான சொட்கன் தோட்டாக்களைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து எங்கள் மேசையில் பரப்பினார். ஒன்று விசில் அடித்துக்கொண்டு போகும். ஒன்று வாணவேடிக்கை மாதிரி தீப்பொறி கக்கும். ஒன்றிலிருந்து ரப்பர் உருண்டை வரும். ஒன்றிலிருந்து கல்யாண வீட்டில் தூவுகிற வண்ணக் கடதாசி வரும். இன்னொன்றில் மிளகாய்த்தூள். "இதைச் சுட்டா குரங்கு ஓடுமா, இல்ல கொத்துரொட்டி கேக்குமா?" என்று கேட்டேன். சிவகுருநாதன் சேர் சிரிக்கவில்லை.

மிளகாய்த் தோட்டாவை மறக்கமுடியாது. அன்றைக்குக் காற்று கடலிலிருந்து அடித்தது. ரேஞ்ச் பொறுப்பாளர் சரத் அய்யே, சிங்களத்தில் அய்யே என்றால் அண்ணன், பழைய ஆமி சார்ஜன்ட். அவர், "மிஸ், காத்து இங்கிட்டு வருது" என்று சொல்லி வாய் மூடவில்லை, நான் கயிற்றை இழுத்துவிட்டேன். சிவப்பு மேகம் ஒன்று முன்னால் கொஞ்சத் தூரம் போய், யோசித்து, திரும்பி எங்களிடமே வந்தது. சரத் அய்யே கிணற்றுக்கு ஓடினார். நான் தரையில் குந்திவிட்டேன். சிவகுருநாதன் சேர் மட்டும் நின்ற இடத்தில் நின்று, கண்ணீர் டையில் வடிய, "எழுதும். புகை... ஹச்... திரும்பி வந்தது. எழுதும்" என்றார். அவர் மேல் எனக்கு மரியாதை வந்த நாள் அதுதான் என்று நினைக்கிறேன்.

அந்தப் பெட்டிகளில் சாதுவான ஒன்று உப்புத் தோட்டா. சன்னம் என்கிற ஈயச் சிறுகுண்டுகளுக்குப் பதிலாக உள்ளே கல்லுப்பு. வெட்டித் திறந்தபோது சீனிபோலப் பொலபொலவென்று கொட்டியது. கிட்ட வைத்துச் சுட்டால் பலகையில் பதியும், ஆளிலும் பதியும். கொஞ்சம் தள்ளிப்போனால் மாவாகிப் பறந்துவிடும், துணியில் வெள்ளைப் படலம் மட்டும்தான். தூரத்தில் ஆபத்தில்லை என்று நான் எழுதினேன், அவர் கையெழுத்துப் போட்டார். தோட்டா கடைக்குப் போனது. மற்றவற்றுக்குப் பெரும்பாலும் அனுமதி கிடைக்கவில்லை. மிளகாய்க்கு நிச்சயமாக இல்லை.

ஒரு மழைக்காலம் போனது. பிறகு நீதிமன்றம் ஒன்றிலிருந்து ஒரு துவக்கு வந்தது, காயப்பட்டவர் இடுப்பில் கட்டியிருந்த சாரமும் வந்தது.

விசயம் இதுதான். கற்பிட்டிப் பக்கம் கடல்நீர்க் களப்போரமாக ஒரு ஊர். சூசை என்பவருக்கு அங்கே சிறு தென்னந்தோப்பு. அடுத்த தோப்பு மனுவேல் என்பவருடையது. மனுவேலின் தங்கச்சி றீற்றாவைத்தான் சூசை கட்டியிருந்தார். எல்லைக் கிடுகுவேலியை யார் எவ்வளவு தள்ளிப்போட்டது என்று மச்சான்மார் இரண்டு பேருக்கும் சண்டை. ஒரு வருடமாக முகம் பார்த்துக் கதைப்பதில்லை. ஒருநாள் பொழுதுபடும் நேரம் வேலிப் பக்கத் தென்னையில் குரங்குகள் இறங்கின. சூசை உரிமம் உள்ள தன் துவக்கில் உப்புத் தோட்டாவைப் போட்டுச் சுட்டார். குரங்கு ஓடியது. வேலிக்குப் பின்னால் நின்ற மனுவேல் தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். பொலிஸ் சூசையைப் பிடித்து உள்ளே வைத்தது.

சூசை, தான் கிணற்றடியிலிருந்து சுட்டதாகச் சொன்னார். கிணற்றடிக்கும் வேலிக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று பொலிஸ் கேட்டபோது, "மூண்டு தென்னை" என்றார். அந்த ஊரில் அப்படித்தான் அளப்பார்கள். மனுவேலின் பெண்சாதி, அவர் வேலியோடு வந்து நின்றுதான் சுட்டார், வேண்டுமென்றே சுட்டார் என்றாள். எங்கே நின்று சுட்டார் என்று தனக்குத் தெரியவில்லை என்றார் மனுவேல். காயம் ஆழமானது, ஆனால் டாக்டர்மார் தேடியும் உள்ளே ஒரு சன்னமும் கிடைக்கவில்லை. உப்பு உடம்புக்குள் கரைந்துவிடும்தானே. கிட்டவிருந்து சுட்டிருந்தால் உடுப்பில் வெடிமருந்துக் கரி படிந்திருக்கும். அதைப் பார்த்தால் தூரம் தெரியும் என்று சாரத்தை விரித்தேன். சவர்க்கார வாசனை அடித்தது. பளிச்சென்று கழுவி, மடித்து, ஓரம் நீவி அனுப்பியிருந்தார்கள்.

சூசை வாங்கிய தோட்டாக்களில் மிச்சம் எதுவும் இருக்கவில்லை. அதனால் அதே வகையில் புதுப் பெட்டி ஒன்றை வரவழைத்து, வழமைப்படி ஏசி அறையில் வைத்து, ரேஞ்சில் தென்னை நடுகிற இடைவெளியில் மூன்று கம்பு நட்டுச் சுட்டோம். ஒரு கம்புத் தூரத்தில் உப்பு ஜெலட்டினுக்குள் இறங்கியது. மூன்றாவது கம்பில் மாவு. திரும்பத் திரும்பச் சுட்டும் மாவுதான். அதாவது சூசை பொய் சொல்கிறார். வேலிக்குக் கிட்ட வந்து, ஆளைப் பார்த்துத்தான் சுட்டிருக்கிறார். கொலை முயற்சி.

அந்த அறிக்கையை நான் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது, வரவேற்பில் ஒரு பெண் தமிழில் ஏதோ கேட்கிறாள், ஒருவருக்கும் விளங்கவில்லை என்று கூப்பிட்டார்கள். போனேன். முப்பது வயதிருக்கும், கையில் ஒரு சொப்பிங் பேக், கொட்டாஞ்சேனையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருக்கிறாளாம்.

"மிஸ், நான் றீற்றா. சூசைன்ர பெண்சாதி. மனுவேல் என்ர அண்ணன்."

வழக்கோடு தொடர்புள்ளவர்களோடு நாங்கள் கதைக்கக்கூடாது. அதைச் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டுத் தொடர்ந்து கதைத்தாள்.

"அந்தச் சாரத்தைக் கழுவினது நான்தான். பொலிஸ்காரர் சத்தம் போட்டவங்க. ரத்தத்தோட கிடந்தா ஆர்தான் கழுவாம விடுவாங்க மிஸ்? அண்ணன்ர சாரம்."

"தங்கச்சி, எல்லாம் கோட்ல சொல்லுவாங்க. இங்க நாங்க ஒண்டும் சொல்லக்கூடாது."

"ஒண்டே ஒண்டு மிஸ். உப்பு மூண்டு தென்னைக்கு அங்கால போய் ஆளைக் குத்துமா? குத்தும் எண்டா அவர் சொல்றது உண்மை, நான் அவர் வரும்வரைக்கும் அந்த வீட்டில இருப்பன். குத்தாது எண்டா என்ர அண்ணனைக் கொல்லப் பாத்த ஆளோட எனக்கென்ன வாழ்க்கை? புள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்ட போயிடுவன். ரெண்டு வீட்டுக்கும் நடுவில ரோட்டில நிக்க ஏலாது."

குத்தாது என்பது எனக்கு அப்போது தெரியும். எழுதியும் ஆகிவிட்டது. தெரியாது என்று பொய் சொல்லவும் மனம் வரவில்லை. "போயிட்டு வாங்க தங்கச்சி" என்று மட்டும் சொன்னேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பதிலை அங்கே படித்துவிட்டாள் என்றே நினைக்கிறேன். அன்றைக்குப் பகல் சாப்பாட்டைக் கட்டியபடியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனேன். குற்றம் செய்தவன் சூசை, எனக்கேன் இந்தக் கவலை என்று என் மேலேயே எரிச்சல் பட்டேன்.

சிவகுருநாதன் சேர் அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். "பிழையில்லை" என்றார். அன்றைக்கு நான் ஓட்டோ பிடிக்கவில்லை.

அறிக்கை தபாலில் போவதற்கு முந்திய நாள், மழை ஓய்ந்து நல்ல வெயில். வேடிக்கைத் தோட்டாக்களின் மிச்சம் பல மாதமாக ரேஞ்சில் சரத் அய்யேயின் தகரக் கொட்டிலில், இரும்புப் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. மழையைச் சாட்டி முடிக்காமல் விட்டிருந்தோம். அன்றைக்குப் போய் அதை முடித்துவிடலாம் என்று கிளம்பினேன். அலுவலகத்தில் இருக்கப் பிடிக்கவில்லை என்பதுதான் உண்மை.

விசில்களை ஊதி முடித்தோம். வண்ணக் கடதாசியைச் சுட்டுவிட்டு, கல்யாணம் யாருக்கு என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டோம். கடைசியில் உப்பு. எதிரே மூன்றாவது கம்படியில் போன கிழமைப் பலகை அப்படியே நின்றது. எடுக்கச் சோம்பல் பட்டுக் கயிற்றை இழுத்தேன்.

பலகை ஆடியது. மாவு பறக்கவில்லை.

சரத் அய்யே நடந்து போனவர் அங்கேயே குனிந்து நின்றார். "மிஸ், மேக்க பலன்ன!" என்று கூப்பிட்டார். இதைப் பாருங்கள் என்று அவர் காட்டிய இடத்தில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. உள்ளே வெள்ளையாக ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. சுரண்டி எடுத்து, நான் தடுப்பதற்குள் நாக்கில் வைத்துவிட்டார்.

"லுணு, மிஸ். உப்பு!"

சேருக்குப் போன் எடுத்தேன்.

"என்ன கண்டனீர்?"

"மூணாவது கம்புல பலகை துளைச்சிருக்கு சேர். உள்ள உப்புக் கட்டி இருக்கு."

"இனிச் சுடாதேயும். நான் வாறன்."

ஓட்டோவில் வந்து இறங்கினார். டை கட்டியிருந்தார். மிச்சத் தோட்டாக்களில் ஒன்றை எடுத்து அவரே வெட்டித் திறந்தார். சீனிபோலக் கொட்டவேண்டிய உப்பு கொட்டவில்லை. முழுசாக ஒரே துண்டாக, மெழுகுதிரிக் கட்டைபோல வழுக்கி வந்தது. மேசையில் தட்டினார். டொக் என்றது. கடற்காற்றில் மழைமாதம் முழுக்க ஈரத்தை இழுத்துக் கசிந்து, பிறகு தகரத்துக்குக் கீழே வெயிலில் காய்ந்து கல்லாகியிருந்தது. கொழும்பில் உப்புப் போத்தலில் அரிசி போட்டு வைக்காத வீடு உண்டா? சூசையும் தோட்டாவைத் தகரப் பேணியில் போட்டு, களப்புக் காற்று வருகிற குசினிக் கூரையில் செருகித்தான் வைத்திருப்பார். விவசாயி வீட்டில் ஏசி அறையா இருக்கிறது?

சேர் அந்தக் கட்டியை மணந்து பார்த்தார். பிறகு கீழே வைத்தார்.

"நாங்கள் தோட்டாவைச் சோதிக்கேல்ல, ஜெசிந்தா," என்றார். "எங்கட ஏசி அறையைத்தான் சோதிச்சிருக்கிறம்."

எனக்கு அழுகையும் வந்தது, சந்தோசமும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் மூக்குத்தான் ஒழுகும். "அப்ப அந்த ஆள் சொன்னது உண்மை சேர்!" என்றேன்.

"அது நீர் நினைக்கிறது. ஒரு வெடியை வைச்சு ஒருத்தனைத் தூக்கவும் ஏலாது, விடவும் ஏலாது. ஜெலட்டின் காய்ச்சும்."

அலுவலக அண்டா வேறு வேலையில் இருந்ததால் வெள்ளவத்தையில் எங்கள் குசினியிலேயே காய்ச்சினேன். மாடி முழுக்க நாற்றம் என்று கீழ்வீட்டு அன்ரி ஏறி வந்துவிட்டார். மிஞ்சியிருந்த உப்புத் தோட்டாக்களை மூன்றாவது கம்பில் ஒவ்வொன்றாகச் சுட்டோம். சிலது துவக்குக்குள்ளேயே நொறுங்கி மாவாகப் போனது. சிலது கட்டியாகவே போய் ஜெலட்டினுக்குள் இறங்கியது, அதுவும் டாக்டர் எழுதியிருந்த ஆழத்துக்கு. நொறுங்கியவற்றை எழுதவேண்டாமே, வழக்கறிஞர்கள் அதைப் பிடித்துத் தொங்குவார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நானே எழுதிவிட்டேன்.

இனிதான் சிக்கல். பழைய அறிக்கையை நிறுத்துவது சுலபம். ஆனால் அதே தோட்டாவுக்குத் தூரத்தில் ஆபத்தில்லை என்று அனுமதி கொடுத்ததும் நாங்கள்தான். புது அறிக்கை போனால் அதுவும் பிழை என்று ஊரறிய ஒத்துக்கொள்ளவேண்டும். மேலே இருந்த பெரியவர் சேரைக் கூப்பிட்டு, இரண்டு மூன்று வசனம் சேர்த்துப் பூசி மெழுகிவிடலாமே, பிரிவின் பெயர் கெட்டுவிடும் என்றாராம். நான் கதவுக்கு வெளியே நின்றேன். சேரின் சத்தம் அப்போதும் உயரவில்லை.

"கையெழுத்து என்ர. அதை வெட்டுறதும் நான்தான்."

வெட்டினார். அனுமதியை நிறுத்தச் சொல்லி அன்றைக்கே எழுதினார். முதலாளி முறுமுறுத்தார், ஆனால் திறந்து காட்டிய கட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தபிறகு, "யா அல்லாஹ், புள்ளைகள்ள பட்டிருந்தா?" என்று சொல்லி, கடைகளிலிருந்து சரக்கை அவரே திருப்பி எடுத்தார். விதியில் ஏசி அறைக்குப் பக்கத்தில் தகரக் கொட்டிலும் ஏறியது அப்போதுதான். தர்ஷினி, உன் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். மிச்சத்தையும் படி.

வழக்கு நாளில் சேரோடு நானும் போனேன். றீற்றா வந்திருந்தாள். ஒரு வாங்கில் சூசையின் ஆட்கள், மறு வாங்கில் மனுவேலின் ஆட்கள். அவள் இரண்டிலும் உட்காராமல் தூணோடு சாய்ந்து நின்றாள். சூசை கூண்டில் நின்றார். அவள் பக்கம் திரும்பவேயில்லை. திரும்பப் பயமாக இருந்திருக்கும்.

சேர் சாட்சிக் கூண்டில் ஏறி, கண்டதை முதலிலும் நினைத்ததைப் பிறகும் சொன்னார். மனுவேல் பக்க வழக்கறிஞர் எழும்பி, தோட்டாவுக்கு அனுமதி கொடுத்த எங்கள் பழைய அறிக்கையைத் தூக்கிக் காட்டி, "உங்கள் பிரிவின் எந்த அறிக்கையை நாங்கள் நம்புவது? முதலாவதையா இரண்டாவதையா?" என்று நக்கலாகக் கேட்டார். சபையில் சிரிப்பு.

"இரண்டாவதை," என்றார் சேர். "முதலாவது ஏன் பிழை எண்டும் அதில எழுதியிருக்கு."

சிரிப்பு அடங்கியது. உப்புக் கட்டியை நீதவானிடம் கொடுத்தார்கள். அவர் அதை மேசையில் மெல்லத் தட்டிப் பார்த்தார். மூன்று தென்னை தூரத்திலிருந்தும் அந்தக் காயம் வந்திருக்க முடியும், சூசை சொன்னது பொய் என்று சொல்ல எதுவும் இல்லை என்பதை சேர் திரும்பவும் ஒருமுறை சொல்லவேண்டி வந்தது. நான் றீற்றாவைப் பார்த்தேன். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, தூணோடு சறுக்கித் தரையில் இருந்துவிட்டாள். நானும் அழுதேன். அரசாங்க உத்தியோகத்தர் நீதிமன்றத்தில் அழக்கூடாது என்று விதி எதுவும் இல்லை, பிறகு தேடிப் பார்த்தேன்.

கொலை முயற்சி என்ற குற்றச்சாட்டு நிற்காது, கவனமில்லாமல் சுட்டதற்கு வேறாக விசாரிக்கலாம் என்று முடிவாகி, சூசையைப் பிணையில் விட நீதவான் சம்மதித்தார். அதே ஊரில் காணி உள்ள ஒருவர் பிணை நிற்கவேண்டும் என்றார்.

சூசையின் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கடற்றொழில் செய்கிறவர்கள், காணி என்று யாருக்கு இருக்கிறது? வழக்கறிஞர் காதுக்குள் ஏதோ கேட்டார், தலையை ஆட்டினார்கள். ஆள் இல்லாவிட்டால் அடுத்த தவணை வரைக்கும் திரும்ப உள்ளே போகவேண்டியதுதான்.

அப்போது மறு வாங்கிலிருந்து மனுவேல் ஊன்றுகோலைப் பிடித்து எழும்பினார். அவருடைய பெண்சாதி சேர்ட்டைப் பிடித்து இழுத்தாள். அவர் கையைத் தட்டிவிட்டார்.

"நான் நிக்கிறன் ஐயா. எனக்குக் காணி இருக்கு."

நீதவான் கண்ணாடியைக் கழற்றினார். "நீர்தானே காயப்பட்டவர்?"

"ஓம் ஐயா."

"உம்மைச் சுட்டவருக்கா பிணை?"

"குரங்கைச் சுட்டவருக்கு ஐயா," என்றார் மனுவேல். "என்னைச் சுட்டவர் எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டு கிடந்தனான். அந்த நினைப்புத்தான் காலை விடக் கூட நொந்தது. என்ர சாரத்தைக் கழுவினதுக்கு என்ர தங்கச்சி எத்தினை பேச்சு வாங்கிட்டாள். போதும்."

நீதவான் இரண்டு பக்க வழக்கறிஞர்களையும் பார்த்தார். இருவரும் தலையசைத்தார்கள். "எழுதிக்கொள்ளுங்கள்" என்றார்.

வெளியே முற்றத்தில் சேரும் நானும் வானுக்குக் காத்து நின்றோம். கையெழுத்து வேலையெல்லாம் முடிந்து சூசை வெளியே வந்தார். செருப்பில்லாத கால், கசங்கிய சேர்ட். றீற்றா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள். அவர் அடி எடுத்து வைக்கவில்லை. கேற்றடியில் நின்ற மச்சானைப் பார்த்துக்கொண்டு, போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றார்.

மனுவேல் ஊன்றுகோலை மற்றக் கைக்கு மாற்றினார்.

"என்ன மச்சான் பாத்துக்கொண்டு நிக்கிறாய்?" என்றார். "வா, பஸ் போயிடும்."